மனநல வார்டில் அடிவாங்கும் நம் தொழிலாளிக்கு எந்தச் சட்டம் துணை?



மருத்துவர் தாக்கப்பட்டால் அன்று மாலையே அது தலைப்புச் செய்தி. சங்கம் போராட்டம் அறிவிக்கிறது, அமைச்சர் நேரில் வருகிறார், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடுகிறது. அது நடக்க வேண்டியதுதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மனநல வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் வார்டு பாயின் மூக்கு உடைந்தால்? படுக்கையைச் சுத்தம் செய்யப் போன ஆயாம்மாவின் கை கடிபட்டால்? செய்தி அந்த வார்டின் கம்பிக் கதவைத் தாண்டுவதில்லை. டிஞ்சர் போட்டுக் கட்டுக் கட்டி, "மனநல வார்டுன்னா இப்படித்தான், தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தே" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த நாள் வரவில்லை என்றால் சம்பளம் போகும்.

நம் இயக்க மாணவர்களிடம் இதைப் பேசினால் முதலில் வரும் கேள்வி: "என்ன செக்ஷன்ல கேஸ் போடலாம்?" வழக்கு போடுவது நமக்குப் பழகிப்போன ஆயுதம். பல இடங்களில் நம்மைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் இந்த ஒரு இடத்தில் வழக்கு பாதி தூரம்கூட வராது. அடித்தவர் நோயாளி. அவரைச் சிறைக்கு அனுப்புவது சட்டப்படி பெரும்பாலும் நடக்காது, நடக்கவும் கூடாது. அப்படியென்றால் அடிவாங்கியவருக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? அந்த வார்டை நடத்துபவர், அதாவது முதலாளி. அது அரசாங்கமாக இருந்தாலும் சரி, தனியார் ஹோமாக இருந்தாலும் சரி, நடுவில் உட்கார்ந்திருக்கும் காண்ட்ராக்ட் கம்பெனியாக இருந்தாலும் சரி. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான்.

வையம்பட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வையம்பட்டியில் மனநல மருத்துவமனை கிடையாது. மணப்பாறை அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. பெரிய மனநல மருத்துவமனை என்றால் சென்னை கீழ்ப்பாக்கம்தான். 1794இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்து, இன்று மனநலக் காப்பகம் என்று அறியப்படும் இடம். இங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்.

ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் நாடு முழுவதும் நான்கே மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது திருச்சி. 1990களின் பின்பகுதி அது. நோயாளியை ஊரைவிட்டுத் தொலைவில் கொண்டுபோய் அடைக்காமல், ஊருக்குப் பக்கத்திலேயே மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது அதன் நோக்கம். அந்த நோக்கம் இன்றும் முழுதாக நிறைவேறவில்லை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் நோயின் வகையைப் பொறுத்து சிகிச்சை கிடைக்காமல் இருப்பதாகச் சொன்னது. மருந்து கிடைக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து, முற்றிய நிலையில்தான் பலர் வார்டுக்கு வருகிறார்கள். அந்த முதல் இரவில் அவர் அருகில் நிற்பது யார்?

ஒரு தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வையம்பட்டி ஒன்றியத்தில் ஏதோ ஒரு காலனி. பிளஸ் டூ முடித்தான். வானம் பார்த்த பூமி, ஊரில் வேலை இல்லை. மணப்பாறையிலோ திருச்சியிலோ ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழ் வாங்கினான். ஏஜென்சி வழியாக ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் வேலை. தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் சம்பளம். இரவில் நாற்பது பேருக்கு இரண்டு பேர் காவல். நோயாளியின் பதற்றம் ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்தக் குரலில் பேசுவது, எதுவும் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாவிக்கொத்தை மட்டும் கையில் கொடுத்தார்கள். இந்தத் தம்பி கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு பையனையோ பெண்ணையோ உங்களில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் அடிபட்டால் எந்தச் சட்டம் அவனுக்குத் துணை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2008ஆம் ஆண்டுச் சட்டம்

மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையையும், மருத்துவமனைச் சொத்துகளுக்கு ஏற்படும் சேதத்தையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இல் தனிச் சட்டம் வந்தது. கடுமையான சட்டம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு சிறை. ஜாமீனில் வர முடியாத குற்றம். மருத்துவர், செவிலியர், மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், துணை மருத்துவப் பணியாளர் ஆகியோரை அது பெயர் சொல்லிக் காக்கிறது.

காண்ட்ராக்டில் வரும் துப்புரவுத் தொழிலாளி? செக்யூரிட்டி? சாப்பாட்டு வண்டி தள்ளும் அக்கா? அவர்கள் பெயரைச் சட்டம் சொல்லவில்லை. மனநல வார்டில் நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போவார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மலஜலம் எடுப்பது, ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது எல்லாம் இந்தக் கடைநிலைத் தொழிலாளிதான். அந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சாதிக்குத் துடைப்பத்தைக் கொடுத்தார்களோ அந்தச் சாதிக்குத்தான் இன்று காண்ட்ராக்ட் கம்பெனியின் சீருடையும் கிடைக்கிறது.

கேரளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 மே 10 அதிகாலை, கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனை. போலீஸ் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒருவர், 23 வயது பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸைக் கத்திரிக்கோலால் குத்திக் கொன்றார். தடுக்கப் போனவர்களும் காயப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலை பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கொலை நடந்து இரண்டே வாரத்தில் கேரள அரசு தன் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தியது. தண்டனையைக் கூட்டியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். நான் கவனித்தது வேறு. துணை மருத்துவ மாணவர்கள், செக்யூரிட்டிகள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், உதவியாளர்கள் எல்லோரையும் அந்தத் திருத்தம் பாதுகாப்புப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையை விரிவாக்கு, கடைநிலைத் தொழிலாளியைப் பெயர் சொல்லிச் சேர் என்பது நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரையே பாருங்கள். அதில் சொத்துக்கும் இடம் இருக்கிறது. உடைந்த கண்ணாடிக்கும் கருவிக்கும் நஷ்டஈடு வாங்க வழி இருக்கிறது. உடைந்த கைக்கு நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்ற கடமை அதில் இல்லை.

அடித்தவர் நோயாளி என்றால்?

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு செயலைச் செய்யும்போது அது என்ன செயல், அது தவறு என்பதை அறிய முடியாத அளவுக்கு மனநிலை பாதிக்கப்பட்டவர் செய்தது குற்றமாகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆவது பிரிவு. குரல் கேட்டு, யாரோ கொல்ல வருவதாக நம்பி, முன்னால் நிற்பவரை அடிக்கும் நோயாளி இதற்குள் வருவார்.

எல்லா நோயாளிக்கும் இது தானாகக் கிடைத்துவிடாது. அந்த நேரத்தில் அந்த நிலையில் இருந்தார் என்பதை எதிரி தரப்பு நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். மருந்துச் சீட்டு இருப்பதாலேயே ஒருவர் புத்தி பேதலித்தவர் ஆகிவிட மாட்டார் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆகவே நோயாளியைப் பார்க்க வந்த உறவினர் குடித்துவிட்டு அடித்தாலோ, தெளிந்த நிலையில் உள்ள ஒருவர் திட்டமிட்டு அடித்தாலோ வழக்கு உறுதியாகப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

தொழிலாளிக்குத் தெரிய வேண்டிய இன்னொரு பிரிவும் இருக்கிறது. மனநிலை பாதிக்கப்பட்டவரின் தாக்குதல் குற்றமாகாவிட்டாலும், அதிலிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கிறது. பழைய 98, புதிய 36. தற்காப்புக்குத் தேவையான அளவுதான், அதற்கு மேல் போனால் அது நம் குற்றமாகிவிடும். "நோயாளி மேல கை வெச்சா வேலை போயிடும்" என்று பயந்து முகத்தைக் கொடுத்து அடிவாங்கும் தம்பிகளுக்கும், பயத்தில் நாலு பேர் சேர்ந்து நோயாளியை மிதிக்கும் தம்பிகளுக்கும் இந்த அளவு எதுவரை என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மனநோய் உள்ளவர் என்றாலே அடிப்பார் என்ற எண்ணம் பொய். பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை, வெளியே அடிவாங்குபவர்கள் அவர்கள்தான். ஒரு கூட்டத்தைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய நாட்டில் பிறந்தவர்கள் நாம். இன்னொரு கூட்டத்தின் மீது அதே முத்திரையைக் குத்த நாம் கை கொடுக்கக் கூடாது.

ஏர்வாடியை மறக்க வேண்டாம்

ஊழியர் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தவுடன் நிர்வாகத்துக்குத் தோன்றும் முதல் வழி கட்டிப்போடுவது. சங்கிலி, கயிறு, பூட்டு. அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்துபோனார்கள். 28 பேர். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாகச் சங்கிலி போட்டார்கள். சங்கிலி ஒரு முறை வாங்கினால் போதும், ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அதனால்தான் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. தனியறையில் அடைப்பதையும் தடை செய்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகச் செய்யக் கூடாது. அந்த 97ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது, மாணவர்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும்: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் நோயாளியைக் கட்டக் கூடாது.

நல்ல வரி. மனதார வரவேற்போம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த வார்டில் நிற்பவன் இடத்திலிருந்து இதைப் படித்துப் பாருங்கள். ஆள் இல்லை, அதனால் கட்டக் கூடாது. சரி, ஆள் எங்கே? கட்டாமல், ஆளும் இல்லாமல், அந்த இடைவெளியை நிரப்புவது எது? நம் தம்பியின் உடம்பு. சட்டம் நோயாளிக்குக் கொடுத்த உரிமையின் செலவை அரசு ஏற்க வேண்டும். அரசும் நிர்வாகமும் அதைக் கடைநிலைத் தொழிலாளியின் முதுகில் இறக்கி வைக்கின்றன.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. நோயாளியைக் கட்டினால் அதைக் குறிப்பில் எழுத வேண்டும், அவருடைய பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். கட்டியதற்குக் கணக்கு உண்டு. தொழிலாளி அடிவாங்கியதற்குக் கணக்கு எங்கேயும் கேட்கப்படவில்லை. கணக்கு இல்லாத அடி, நடக்காத அடி. இரண்டு கணக்கையும் ஒரே அறிக்கையில் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். எந்த வார்டில் ஆள் குறைவோ அந்த வார்டில்தான் நோயாளியும் அதிகம் கட்டப்பட்டிருப்பார், தொழிலாளியும் அதிகம் அடிபட்டிருப்பார்.

நஷ்டஈடு: பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

குற்றவியல் சட்டத்தில் யார் குற்றவாளி என்று கேட்டால் சில நேரம் யாரும் இல்லை என்று பதில் வரும். தொழிலாளர் சட்டத்தில் அந்தக் கேள்வியே தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயமா? அப்படியென்றால் முதலாளி பொறுப்பு. யார் தவறு என்று பார்க்க வேண்டியதில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை இதுதான். 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது இந்த விதி சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்புகள் மீது தொழிற்சங்கங்களுக்குப் பல எதிர்ப்புகள் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் முதலாளி பொறுப்பு என்ற இந்தக் கொள்கை அதிலும் நிற்கிறது.

"அடிச்சது எப்படி விபத்து ஆகும்?" என்று காண்ட்ராக்டர் கேட்பார். பதில் நீதிமன்றம் ஏற்கெனவே சொன்னதுதான். ஆட்டோவைத் திருட வந்தவர்கள் ஓட்டுநரைக் கொன்ற ரீட்டா தேவி வழக்கில், 2000இல், உச்ச நீதிமன்றம் அந்தக் கொலையை விபத்தாகவே எடுத்துக்கொண்டு குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்னது. அது மோட்டார் வாகனச் சட்ட வழக்கு. ஆனால் அந்த முடிவுக்கு வரத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் நிலைத்த கருத்தைத்தான் நீதிமன்றம் துணைக்கு எடுத்தது. அடிபட்டவரின் பக்கமிருந்து பார்த்தால் அது எதிர்பாராத கேடு, அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ. இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது பொருந்தும். தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். வேலையில் காயப்பட்டு விடுப்பில் இருந்தால் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்குப் பணம் கிடைக்கும். சிகிச்சை இலவசம். இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவி. இந்தத் திட்டத்துக்கு அடித்தளம் போட்ட அடார்கர் அறிக்கை, பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில் வந்தது. ஏப்ரல் 14க்கு மாலை போடுகிறோம். அவர் கை பட்ட இந்தத் திட்டத்தின் அட்டை நம் தெருவில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

ஏன் கிடைப்பதில்லை? ஆவணம் இல்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே அடிபட்டவருக்கு ஏ.ஆர். என்ட்ரி போடுவதில்லை. "நாமளே பாத்துக்கலாம்" என்று மருந்து போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. இ.எஸ்.ஐ. நம்பர் எது என்று தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் கண் பார்வை மங்கினால், அது வார்டில் பட்ட அடிதான் என்று எதை வைத்து நிரூபிப்பது?

சாதிப் பேச்சும் பெண்களின் பாதுகாப்பும்

மனநல வார்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு உடம்பில் படும் அடியோடு இன்னொரு அடியும் உண்டு. நோயின் வேகத்தில் சிலர் சாதி சொல்லித் திட்டுவார்கள். "உன் கையால தண்ணி குடிக்க மாட்டேன்" என்பார்கள். நோய் சாதியை உண்டாக்குவதில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்ததைத் திறந்துவிடுகிறது. அது வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதற்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்துமா? அந்தச் சட்டத்தில் இழிவுபடுத்தும் நோக்கம் வேண்டும். தன்னிலை இழந்த நோயாளியிடம் நோக்கத்தைக் காட்ட முடியாது. அங்கே வழக்கை வீணாக்க வேண்டாம். அதையே தெளிந்த புத்தியுள்ள உறவினர் சொன்னால், சூப்பர்வைசர் சொன்னால், "மலம் அள்ளுறதுக்கு அந்தத் தெருப் பசங்களைக் கூப்பிடு" என்று டியூட்டி பிரித்தால், அங்கே தயங்க வேண்டாம். அடிக்கும் நோயாளி என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப ஒரே சாதி ஆட்களையே அந்த அறைக்கு அனுப்பினால், அதை எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். டியூட்டி பட்டியலே சாட்சி பேசும்.

பெண் தொழிலாளிகள் விஷயத்தில் இன்னொரு சட்டம் உதவும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளி ஆட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்கிறது. ஆண்கள் வார்டுக்கு இரவில் தனியாக ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு, "நோயாளிதானே, என்ன கேஸ் போட முடியும்" என்று நிர்வாகம் கைகழுவ முடியாது. நோயாளி மீது வழக்கு நிற்காமல் போகலாம். தனியாக அனுப்பிய நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வெளியே என்ன செய்தார்கள்?

2010இல் லண்டனில், சேனி லூயிஸ் என்ற 23 வயது கறுப்பின இளைஞர் சிகிச்சைக்காகத் தானே மனநல மருத்துவமனைக்குப் போனார். அங்கே 11 போலீஸ்காரர்கள் அவரை அமுக்கிப் பிடித்ததில் நினைவிழந்து, சில நாளில் இறந்துபோனார். குடும்பம் பல ஆண்டுகள் போராடியது. 2018இல், மனநல மருத்துவமனைகளில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயம், ஒவ்வொரு பலப்பிரயோகத்துக்கும் பதிவு கட்டாயம். அதே 2018இல், அவசரப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான சட்டமும் அங்கே வந்தது. மருத்துவருக்கு மட்டும் என்று இல்லாமல், நோயாளியோடு நேரில் பழகும் துணைப் பணியாளர்களையும் அது சேர்த்துக்கொண்டது. நோயாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று, ஒரே ஆண்டில். ஒன்றைக் கொடுக்க இன்னொன்றைப் பறிக்கத் தேவையில்லை.

அதே 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நாபா அரசு மனநல மருத்துவமனையில் ஒரு பெண் ஊழியர் நோயாளியால் கொல்லப்பட்டார். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். தண்டனையைக் கூட்டு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மருத்துவமனைகளுக்கான வன்முறைத் தடுப்பு விதி அந்த மாநிலத்தில் பிறந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தடுப்புத் திட்டம் எழுத வேண்டும், அதில் தொழிலாளர்கள் பங்கு பெற வேண்டும், ஒவ்வொரு தாக்குதலையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பயிற்சி தர வேண்டும். நம் ஊரில் இதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஒரு நோட்டும், அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஒரு அதிகாரியும் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

தீர்மானம் போட்டுக் கலைவதற்காக இதை எழுதவில்லை. சட்டம் படிக்கும் மாணவர்களும், சமூகப்பணி படிப்பவர்களும், செவிலியர் படிப்பில் இருக்கும் தங்கைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். செய்யக் கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று. உங்கள் ஊரிலிருந்து மனநல வார்டு, மறுவாழ்வு மையம், போதை மீட்பு மையம் என்று வேலைக்குப் போனவர்களின் பட்டியல் எடுங்கள். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, சம்பளச் சீட்டு இருக்கிறதா, நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே வேலை தொடங்குகிறது.

இரண்டு. அடிபட்டால் அன்றே ஏ.ஆர். என்ட்ரி. வேலை செய்யும் இடத்தில் போட மறுத்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் போடுங்கள், வேலையில் பட்ட காயம் என்று எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கி வையுங்கள். நோயாளியைத் தண்டிக்க இல்லை, சம்பவம் நடந்தது என்பதற்கு ஆதாரமாக. நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. போதை மீட்பு மையம் உட்பட மனநோயாளிகளை உள்ளே வைத்துச் சிகிச்சை தரும் எல்லா இடமும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் 5,000 ரூபாயில் தொடங்கி, தொடர்ந்து நடத்தினால் 5 லட்சம் வரை அபராதம். உங்கள் பகுதியில் இருக்கும் மையத்துக்குப் பதிவு உண்டா, எத்தனை படுக்கை, இரவில் எத்தனை ஊழியர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் செலவு.

நான்கு. மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைப் பத்து ஆண்டுக்குள் சர்வதேச அளவுக்கு உயர்த்த முயல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு அரசுக்குக் கடமை வைத்திருக்கிறது. சட்டம் அமலுக்கு வந்தது 2018இல். கெடு 2028. எத்தனை பேரை நியமித்தீர்கள் என்று இப்போதே கேட்க வேண்டும். அதில் வார்டு நிலைப் பணியிடங்களைக் காண்ட்ராக்டில் விடாமல் நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐந்து. நோயாளிகளின் குடும்பங்களோடு சேர்ந்து கேளுங்கள். இது மிக முக்கியம். "உங்க ஆளு என் மகனைக் கட்டிப்போட்டான்" என்று ஒரு தாயும், "உங்க மகன் என் கண்ணைக் குத்திட்டான்" என்று ஒரு தொழிலாளியும் வார்டு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வரை நிர்வாகத்துக்கு நிம்மதி. காசு உள்ளவர் வீட்டு நோயாளி தனியறையில், தனி ஆளோடு இருக்கிறார். பொது வார்டில் கிடப்பவர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவரைப் பார்த்துக்கொள்பவரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. பல நேரம் இரண்டு பேரும் ஒரே காலனிக்காரர்கள். ஆள் பற்றாக்குறையால் ஒருவர் கட்டப்படுகிறார், மற்றவர் அடிபடுகிறார்.

ஆகவே கோரிக்கையைச் சுருக்கமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைநிலைத் தொழிலாளியின் பெயர் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் வர வேண்டும். ஒவ்வொரு தாக்குதலும் பதிவாகி மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். காயப்பட்டவருக்குக் கேள்வி கேட்காமல் சிகிச்சை, சம்பளத்துடன் விடுப்பு, நஷ்டஈடு வேண்டும். பயிற்சி இல்லாத ஆளை வார்டுக்குள் அனுப்பக் கூடாது, இரவில் தனி ஆளாக நிறுத்தக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட எந்த நோயாளியின் உரிமையையும் குறைக்காது.

மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி பக்கத்துத் தோழர்கள் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் தொடங்குங்கள். நோட்டு ஒன்று போதும்.

ஜெய்பீம்.